படைக்கலமும் படக்கருவியும்: காட்டுச் சிங்கத்தைப் படம்பிடித்த வரலாறு

மனிதன் சிங்கத்தை உருவெழுதத் தொடங்கிய காலம் மிகப் பழையது. பிரான்சு நாட்டிலுள்ள சோவே குகையின் சுவர்களிலே முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய சிங்க ஓவியங்கள் காணப்படுகின்றன. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னனாகிய அசூர்பனிபால், நினேவே நகரத்து அரண்மனைச் சுவர்களிலே தன் சிங்க வேட்டையைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்குவித்தான். இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அச்சிற்பங்களிலே, கூட்டின் கதவைத் தூக்கிச் சிங்கத்தை வெளியே விடும் ஏவலாளனையும், அம்புபட்டு இரத்தங் கக்கும் சிங்கத்தையும் ஒருங்கே காணலாம். செதுக்கிய சிற்பி விலங்கின் வேதனையை நன்குணர்ந்தவன் என்பது வெளிப்படை. ஆயினும் செதுக்குவித்தவனின் நோக்கம் கொன்றவனது பெருமையை நிலைநாட்டுதலேயாம். இவ்வாறு சிங்கத்தின் உருவம் சிங்கத்தின் சாவுக்குச் சான்றாக அமையும் வழக்கம் பன்னெடுங் காலம் நிலவியது. புகைப்படக் கலை தோன்றிய பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளியாயிற்று. ஆயினும், அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழியும்வரை, காட்டில் உயிரோடு உலாவும் சிங்கத்தின் படம் அரிதினும் அரிதாகவே இருந்தது. அதற்கு முதற் காரணம் கருவியின் இயல்பாகும். கண்ணாடித் தட்டுக்கள் பாரமானவை, எளிதில் உடைவன, ஒளியுணர்வு குறைந்தவை. தூரத்துப் பொருளை அண்மையிற் காட்டும் வில்லைகள் அந்நூற்றாண்டின் இறுதியிலேதான் பயன்பாட்டுக்கு வந்தன. சிங்கமோ பகலெல்லாம் புதர் நிழலிற் கிடந்து இருளில் இரைதேடும் இயல்பினது. அதன் கபில நிறம் உலர்ந்த புல்லின் நிறத்தோடு ஒன்றிவிடும். ஆகவே, அசையாது கிடக்கும் சிங்கமே அக்காலக் கருவிக்கு இசைந்த சிங்கமாயிற்று. அசையாது கிடப்பதை உறுதியாக்கும் வழி அதனைக் கொல்லுதலே.

1898ஆம் ஆண்டின் சாவோ நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். மொம்பாசாத் துறைமுகத்தையும் விக்டோரியா ஏரியையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1896 முதல் 1901 வரை அமைக்கப்பட்டது. அவ்வேலைக்கு இந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராகக் கொண்டு செல்லப்பட்டனர். சாவோ ஆற்றுப் பாலத்தருகே பாளையமிட்டிருந்த அவர்களுட் பலரை இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்காக இரவிலே இழுத்துச் சென்று தின்றன. பொறியியலாளராகிய பற்றேர்சன் என்பார் அவ்விரண்டையும் சுட்டுக் கொன்றார். பின்னர் 1907ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. கொல்லப்பட்ட சிங்கத்தின் அருகே துப்பாக்கியோடு அவர் இருக்கும் படம் இன்றும் பலராலும் அறியப்படுவது. மாண்ட தொழிலாளரை உலகம் மறந்தது. கொன்றவரும் கொல்லப்பட்ட விலங்குமே படத்தில் நிலைத்தனர். அச்சிங்கங்களின் தோல்கள் பிற்காலத்திலே சிகாகோ நகரத்துப் பீல்ட் நூதனசாலைக்கு விற்கப்பட்டு, உயிருள்ளவை போல் அமைக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இந்நிலையிலே, துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை ஏந்துக என்னுங் குரல் வேட்டைக்காரரிடையேயிருந்தே எழுந்தமை சிந்திக்கற்பாலது. எட்வேட் நோர்த் பக்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர் தாமே வேட்டையாடியவர். அவர் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆபிரிக்கப் பயண நூலிலே, விலங்குகளின் அழிவைத் தடுக்கவேண்டியதன் அவசியத்தை எடுத்துரைத்தார். 1903ஆம் ஆண்டில், பேரரசின் காட்டுவிலங்குகளைப் பாதுகாக்குஞ் சங்கத்தை நிறுவியவர்களுள் அவர் தலையாயவர். விலங்கைச் சுடுவதிலும் அதனை அணுகிப் படம்பிடித்தல் கூடிய திறமையும் பொறுமையும் வேண்டும் செயல் என்பது அவரும் அவர் கருத்தினரும் கொண்ட கொள்கை. வேட்டைக்காரனின் வீரவுணர்ச்சியை அவர்கள் பழிக்கவில்லை. அவ்வுணர்ச்சிக்கு வேறொரு வாயிலைக் காட்டினார்கள்.

அவ்வாயிலில் முதலில் துணிந்து புகுந்தவருள் ஒருவர் ஜேர்மானியராகிய கார்ல் கேயோர்க் சில்லிங்ஸ். அக்காலத்து ஜேர்மன் கிழக்காபிரிக்காவில், இன்றைய தன்சானியாவின் பெரும்பகுதியில், அவர் இரவிலே படம்பிடிக்க முயன்றார். மகனீசியத் தூளோடு பொற்றாசியங் குளோரேற்றுப் போன்ற பொருள்களைக் கலந்து கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் ஒளி ஒரு கணம் தோன்றும். கலவை சிறிது பிழைத்தாலும் வெடித்துக் கொளுத்துபவனையே காயப்படுத்தும். சில்லிங்ஸ் கழுதையையோ எருதையோ மரத்தடியிற் கட்டி வைத்து, அதன்மேற் பாயவரும் சிங்கம் தன் செயலாலேயே ஒளியையும் கருவியையும் இயக்குமாறு அமைத்தார். 1905ஆம் ஆண்டு வெளியான அவரது நூலின் பெயர் ‘மின்னொளியும் துப்பாக்கியும் கொண்டு’ எனப் பொருள்படும். அப்பெயரே அவர்தம் இருமனப்பாட்டை உணர்த்தும். அந்நூலின் இரவுப் படங்கள் ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தின. இருளில் இரைமேற் செல்லும் சிங்கத்தை அதுகாறும் அவ்வாறு எவருங் கண்டிலர். ஆயினும் கட்டுண்ட கழுதை அவ்வியப்புக்கு விலையாயிற்று. இரையிட்டு அழைத்தல் என்னும் வேட்டைக்காரனின் பழைய சூழ்ச்சியைப் படக்கருவி தன் பிறப்பிலேயே கடனாகப் பெற்றுக்கொண்டது.

1909ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே ராட்கிளிவ் டக்மோர் என்பார், முட்கிளைகளால் அமைத்த அடைப்பினுள் இரவெல்லாம் விழித்திருந்து சிங்கங்களைப் படம்பிடித்தார். அவரது நூல் மறு ஆண்டில் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதிப் பதவியினின்றும் இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ற், சிமித்சோனியன் நிறுவனத்துக்கு விலங்குகளைச் சேகரிக்கும் பொருட்டுக் கிழக்காபிரிக்கா சென்றார். உடன்சென்ற மகன் கேர்மிற் படம்பிடிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அவற்றுட் சிங்கங்கள் 17. ஒரே பயணத்தில், ஒரே கையில், துப்பாக்கியும் படக்கருவியும் மாறிமாறி ஏந்தப்பட்டன.

அப்பயணத்தையொட்டி எழுந்த சலனப்படங்களின் கதை மேலும் படிப்பினை தருவது. செறி கேட்டன் என்னும் ஆங்கிலேயர் ஆபிரிக்காவிற்கே சென்று ரூஸ்வெல்றையும் அந்நாட்டு விலங்குகளையும் படமாக்கினார். அது 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால், அதற்கு முன்னரே சிகாகோவிலிருந்த செலிக் என்னும் படக்கம்பனி, ரூஸ்வெல்றைப் போன்ற தோற்றமுடைய நடிகர் ஒருவரை அமர்த்தி, செயற்கைக் காடொன்றை அமைத்து, வளர்ப்புச் சிங்கமொன்றைப் படத்துக்காகவே சுட்டுக் கொன்று, அதனை ஆபிரிக்க வேட்டையெனக் காட்டியது. மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று பார்த்தனர். உண்மையான காட்டில் எடுத்த படத்துக்கோ அத்துணை வரவேற்பில்லை. அசூர்பனிபாலின் கூட்டுச் சிங்கம் இருபத்தைந்து நூற்றாண்டுகளின் பின் சிகாகோவிலே மீண்டும் அவிழ்த்துவிடப்பட்டது எனலாம். காட்சிச் சுவையை விரும்பும் கூட்டம் உள்ளவரை, உண்மை தோற்கும் இடர் படக்கலையில் என்றும் உண்டு.

கருவியின் குறையைத் தீர்க்க முயன்றவர் கார்ல் ஏக்லி. இவர் விலங்குகளின் தோலைக்கொண்டு உயிர்த்தோற்றம் அமைக்குங் கலையில் வல்லவர். 1910ஆம் ஆண்டளவில், நந்தி இன மக்கள் ஈட்டியாற் சிங்க வேட்டையாடுதலைச் சலனப்படமாக்க முயன்றபோது, அக்காலப் படக்கருவி ஓடும் விலங்கைத் தொடர்ந்து திரும்பமாட்டாமையை அவர் கண்டார். அக்குறையை நீக்கத் தாமே புதியதொரு கருவியை ஆக்கி 1915ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். வட்ட வடிவினதாகிய அக்கருவியை மேலுங் கீழும் பக்கங்களிலும் தங்குதடையின்றித் திருப்பலாம். அக்கருவி பின்னர்ப் பலநாட்டுச் சலனப்படக்காரராலும் விரும்பப்பட்டது. ஏக்லி 1926ஆம் ஆண்டில் கொங்கோ நாட்டு மிக்கேனோ மலையில் இறந்தார்.

ஏக்லியோடு தொடர்புடையவர்களே மாட்டின் ஜோன்சன், ஓசா ஜோன்சன் என்னும் அமெரிக்கத் தம்பதியர். ஈஸ்ற்மன் என்னும் புகைப்படக் கம்பனி அதிபரின் பொருளுதவியும் பெற்று, 1924 முதல் 1927 வரை வட கென்யாவில் மாசபிற் மலையேரிக் கரையில் வாழ்ந்து படமெடுத்தனர். கணவர் கருவியின் பிடியைச் சுழற்ற, மனைவி துப்பாக்கியோடு அருகில் நிற்பார்; சிங்கம் பாய்ந்தால் அவர் சுடுவார். 1928இல் வெளியான அவர்களது படத்தின் பெயர் ‘சிம்பா’. சுவாகிலி மொழியிலே சிங்கத்தைக் குறிக்கும் இச்சொல், வடமொழிச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பினும், பாந்து மொழிகளுக்கே உரியது. அப்படத்தில் இயல்பான சிங்க வாழ்வு ஒருபுறமும், ஈட்டிவேட்டை மறுபுறமும் இடம்பெற்றன. சிங்கம் சாகாத சிங்கப்படத்தை மக்கள் விரும்புவர் என்னும் நம்பிக்கை அன்றும் முழுமையாகப் பிறந்ததில்லை.

மோட்டார்க் காரின் வருகை இவ்வரலாற்றின் திருப்பமாகும். 1920ஆம் ஆண்டுகளிலே செரெங்கெற்றிச் சமவெளிக்குக் கார்கள் செல்லத் தொடங்கின. மனிதனைக் கண்டால் ஓடவோ எதிர்க்கவோ செய்யும் சிங்கம், காரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்பது விரைவில் தெரியவந்தது. இவ்வறிவு படம்பிடிப்போர்க்கு வரமாயிற்று. சுடுவோர்க்கும் அதுவே எளிய வழியாயிற்று. காரிலிருந்தவாறே சிங்கங்களைக் கூட்டமாகச் சுட்டவர்களின் செயலைக் கண்டித்து, டெனிஸ் பின்ச் ஹற்றன் என்பார் 1929ஆம் ஆண்டில் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அவரே தொழிலாக வேட்டைக்கு வழிகாட்டியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் வழிகாட்ட வேல்ஸ் இளவரசர் 1928இலும் 1930இலும் கிழக்காபிரிக்காவிற் பயணஞ் செய்தார். இரண்டாம் பயணத்திலே துப்பாக்கியினும் படக்கருவியே சிறப்பிடம் பெற்றது. அரச குடும்பத்தார் செய்வதைச் செல்வர் பின்பற்றினர். எனினும் இங்கும் ஒரு களங்கம் உண்டு. வரிக்குதிரையைச் சுட்டு, அதனைக் கயிற்றாற் காரின் பின்னே கட்டியிழுத்துச் சென்று, அதனைத் தின்னவருஞ் சிங்கங்களைப் படம்பிடிப்பது அக்காலத்துப் பயணிகளின் வழக்கமாயிருந்தது. நாளடைவிற் காரின் ஒலியைக் கேட்டதும் உணவு வந்ததெனச் சிங்கங்கள் எழுந்து வந்தன.

பாதுகாப்பு முயற்சிகளும் உடன் வளர்ந்தன. நைரோபித் தேசியப் பூங்கா 1946ஆம் ஆண்டிலும், செரெங்கெற்றித் தேசியப் பூங்கா 1951ஆம் ஆண்டிலும் அமைந்தன. ஜேர்மானியராகிய பேர்ண்காட் கிசிமெக்கும் அவர் மகன் மிக்காயேலும் சிறு விமானத்திற் பறந்து செரெங்கெற்றி விலங்குகளைக் கணக்கிட்டனர். 1959 சனவரியில் விமான விபத்தில் மகன் இறந்தார். அவர்கள் எடுத்த ‘செரெங்கெற்றி அழியலாகாது’ என்னும் பொருளுடைய படம் 1960இல் ஒஸ்கார்ப் பரிசு பெற்று, உலகெங்கும் அப்பூங்காவுக்கு ஆதரவைத் தேடிக்கொடுத்தது. ஆயினும், அதே 1959ஆம் ஆண்டிலே, தலைமுறை தலைமுறையாக அச்சமவெளியில் மாடு மேய்த்த மாசாய் மக்கள் பூங்கா எல்லையினின்றும் அப்புறப்படுத்தப்பட்டு, அயலிலுள்ள கொரொங்கோரோப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். மனிதரற்ற தூய காடு என உலகம் படத்திற் கண்டு மகிழ்ந்த நிலம், மனிதர் வெளியேற்றப்பட்டமையால் அவ்வாறாயது. படத்தின் சட்டத்துக்குள் வாராதது வரலாற்றுக்கும் புறம்பாகிவிடலாகாது.

ஆபிரிக்காவுக்கு வெளியே இன்று காட்டுச் சிங்கம் வாழுமிடம் ஒன்றே. அஃது இந்தியாவின் குசராத்து மாநிலத்து கிர் வனமும் அதன் சூழலுமாகும். ஒருகாலத்தில் வட இந்தியாவெங்கும் பரந்திருந்த இவ்வினம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூனாகட் நவாபின் ஆட்சிக்குட்பட்ட அவ்வனத்தளவிற் குறுகியது. நவாபின் காவலாலேயே அது முற்றாக அழியாது தப்பியது. 1965இல் அவ்வனம் சரணாலயமாயிற்று. 1968ஆம் ஆண்டுக் கணிப்பிற் காணப்பட்ட சிங்கங்கள் 177 மட்டுமே. அவை 2020ஆம் ஆண்டில் 674 ஆகவும், 2025ஆம் ஆண்டில் 891 ஆகவும் பெருகின.

கிர் வனத்திலும் இரையிட்டுக் காட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. எருமையைக் கட்டிவைத்துச் சிங்கங்களை வரவழைத்துப் பயணிகளுக்குக் காட்டினர்; பயணிகளும் அண்மையில் நின்று படம்பிடித்தனர். அவ்வழக்கம் 1987ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது. அவ்வேளையிலேயே கொடிய வறட்சியும் வந்தது. கிர்ப் பகுதியில் 1978 முதல் 1991 வரை சிங்கங்கள் மனிதரைத் தாக்கியமை பற்றி ஆராய்ந்தோர், ஆண்டுக்குச் சராசரி 14.8 தாக்குதல்களும் 2.2 உயிரிழப்புக்களும் நிகழ்ந்தன எனக் கண்டனர். 1987–88 வறட்சிக்கு முன்னர் ஆண்டுக்கு 7.3 ஆக இருந்த தாக்குதல், அதன்பின் 40 ஆக உயர்ந்தது. வறட்சியே இதற்கு முதன்மையான காரணம். ஆயினும் காட்சிக்கென இரையிட்டுப் பழக்கியமையும் சிங்கங்கள் மனிதரை அஞ்சாது அணுகுதற்கு இடமளித்திருக்கலாம் என்பது அவ்வாய்வாளர் கருத்து. நல்ல படமொன்றை நாடிச் சென்றவன் ஊர் திரும்பிவிடுவான். பழகிய சிங்கத்தின் அயலிலே வாழவேண்டியவர் அவ்வூர் மாடு மேய்ப்பவரும் உழவரும். படத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாவுக்கு கிர் வரலாறு தரும் விடை இது.

இவ்வாறு குறைகள் பலவற்றை எடுத்துக்காட்டியதனால், படக்கருவி சிங்கத்துக்கு நன்மை செய்யவில்லை எனக் கொள்ளுதல் பிழையாகும். அதன் மிகப்பெரிய நன்மை எவரும் எதிர்பாராத திசையில் வந்தது. 1966 முதல் 1969 வரை செரெங்கெற்றியிலே சிங்கங்களை ஆராய்ந்த ஜோர்ஜ் சாலர், காதுக் கிழிவு, தழும்பு முதலிய அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனி அறிந்தார். 1972இல் வெளிவந்த அவரது நூல், சிங்கங்களைப் பற்றி நிலவிய கற்பனைகள் பலவற்றை அகற்றியது. 1970ஆம் ஆண்டில் பெனிகுயிக், றுட்நாய் என்னும் இருவர், நைரோபிப் பூங்காவின் சிங்கங்களைக் கொண்டு மேலும் உறுதியான முறையொன்றை வெளியிட்டனர். சிங்கத்தின் மீசைமயிர் முளைக்குமிடங்களிலே கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்துள்ளன. மேல்வரிசைப் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளுக்கு மேலே எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும். முகத்தின் வலப்புறமும் இடப்புறமுங்கூட ஒத்திரா. வாழ்நாள் முழுவதும் மாறா. கைரேகை மனிதனுக்கு எவ்வாறோ அவ்வாறே இப்புள்ளிகள் சிங்கத்துக்கு. இதனை அறிவதற்குச் சிங்கத்தைப் பிடிக்கவோ மயக்கவோ வேண்டுவதில்லை. முகத்தின் தெளிவான பக்கப்படம் ஒன்றே போதும்.

இதன் பயன் பெரிது. யார் யாருக்குத் தாய், எக்குருளை எக்கூட்டத்தது, எது எப்போது மறைந்தது என்பன தலைமுறை தலைமுறையாகப் பதியப்பட்டன. 1994ஆம் ஆண்டில், நாய்களைத் தாக்கும் டிஸ்ரெம்பர் நோய்க்கிருமி பரவி செரெங்கெற்றிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாண்டபோது, இழப்பின் அளவை அறிவதற்கு இவ்விதப் பதிவுகளே துணைநின்றன. ஊர்நாய்களுக்குத் தடுப்பூசியிடும் முயற்சிகள் அதன்பின் மேற்கொள்ளப்பட்டன. 2010ஆம் ஆண்டு முதல் செரெங்கெற்றியில் 1,125 சதுர கிலோமீற்றர் பரப்பிலே 225 தானியங்கிக் கருவிகள் நிறுவப்பட்டன. சில்லிங்ஸ் கட்டிய கழுதையும் அவர் கொளுத்திய வெடிதூளும் இவற்றுக்கு வேண்டா. விலங்கின் உடல் வெப்பமும் அசைவுமே இவற்றை இயக்கும்.

இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். படக்கருவி கொல்லாதது என்பது மெய். ஆயின் கொல்லாதது யாவும் தீங்கற்றது என்பது அதனாற் பெறப்படாது. கட்டுண்ட கழுதை, காரிற் கட்டியிழுத்த வரிக்குதிரை, சிகாகோவிற் சுடப்பட்ட வளர்ப்புச் சிங்கம், நிலமிழந்த மாசாய் மக்கள், கிர் வனத்து எருமை ஆகிய யாவும் நல்ல படம் என்னும் ஒரே ஆசையின் விளைவுகள். கென்யா 1977ஆம் ஆண்டில் வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. இன்று அங்கு செல்லும் பயணிகளுட் பெரும்பாலோர் ஏந்துவது படக்கருவியையே. எனினும் ஒரு சிங்கத்தைச் சூழப் பல வண்டிகள் நெருக்கி நிற்குமிடத்து, இரைமேற் பதுங்கிச் செல்லும் சிங்கம் தன் உணவை இழக்கிறது. குருளைகள் தாயை விட்டுப் பிரிகின்றன.

உலகெங்கும் காட்டில் எஞ்சியுள்ள சிங்கங்கள் ஏறக்குறைய 20,000 முதல் 25,000 வரை என மதிப்பிடப்படுகின்றன. இந்நிலையில், ஒரு படத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் எவ்வளவு அண்மையில் எடுக்கப்பட்டது என்பதன்று. படம்பிடிக்க வந்தவன் வாராதிருந்தால் அச்சிங்கம் என்ன செய்திருக்குமோ, அதனையே அவன் வந்த பின்னும் செய்ததா என்பதே அளவுகோல். தன் நிழலில் உறங்கிய சிங்கம், படம் எடுக்கப்பட்டது என்பதை அறியாமலே உறங்கிக்கொண்டிருக்குமாயின், அப்படமே சிறந்த படம். அதன் மீசைப் புள்ளிகள் தெளிவாய்ப் பதிந்திருப்பின், அஃது அழகிய படமாதலோடு அச்சிங்கத்தின் உயிர்க்குறிப்பும் ஆகும்.